கோல்ஃப் கருவியை வேட்டைக்கு என்று தலையில் கட்டுகிறார்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து நண்பர்கள் கவனிக்க

இந்தக் குளிர்காலத்தில் மான் வேட்டைக்குக் கிளம்பும் நம்மவர்கள் யாராவது லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) வாங்க நினைத்தால், பணம் கட்டும் முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். டர்பனில் வாட்ஸ்அப் குழுக்களிலும் சில சின்னக் கடைகளிலும் "1000 மீட்டர் ஹண்டிங் ரேஞ்ச்ஃபைண்டர்" என்று ஒரு பெட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே மான் தலை படம், பச்சையும் பழுப்புமாக உறை. உள்ளே இருப்பது கோல்ஃப் ஆடுபவர்களுக்காகச் செய்த கருவி. ஐயாயிரம் ரேண்டுக்கு மேல் கொடுத்து நான் வாங்கினேன். பணத்தைவிட, அந்தக் கருவியால் ஒரு மான் பட்ட வேதனைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வாங்கும் முன் விற்பவருக்கு எழுத்திலேயே விவரம் அனுப்பியிருந்தேன். டண்டீ பக்கம் ஒரு பண்ணையில் பிளெஸ்பொக் மான் சுடப் போகிறோம், 300 மீட்டருக்கு மேல் சுட மாட்டோம், நடுவில் வேலமுள் புதர்கள் இருக்கும், பொழுது சாயும் நேரத்திலும் எண் தெரிய வேண்டும் என்று. பதில் உடனே வந்தது: "அண்ணே, இது ஆயிரம் போகும். முந்நூறெல்லாம் ஒரு விஷயமே இல்லை. நம்ம ஆளுங்க எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க."

கடைக்குப் போனபோது வாசலுக்கு அழைத்துவந்து, தூரத்தில் நெடுஞ்சாலை ஓரம் தெரிந்த பலகையைக் குறிவைக்கச் சொன்னார். பொத்தானை அமுக்கினேன். கருவி கையில் லேசாக அதிர்ந்தது, 612 என்று காட்டியது. "பாத்தீங்களா?" என்றார்.

அந்த வாசல் சோதனையை நம்பாதீர்கள். சாலைப் பலகைகளில் பூசியிருப்பது வண்டி விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பொருள். லேசருக்கு அதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. மானின் ரோமம் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, மீதியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். அதனால்தான் ஒழுங்கான நிறுவனங்கள் மூன்று எண்களைத் தனித்தனியாகப் போடுகின்றன: பளபளப்பான இலக்குக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று. மானுக்கான எண் பெரும்பாலும் முதல் எண்ணில் பாதியை ஒட்டித்தான் இருக்கும், மலிவான கருவிகளில் அதற்கும் கீழே. வெயில் உச்சியில் இருந்தால் இன்னும் குறையும். பெட்டியில் ஒரே எண்தான் இருக்கிறது என்றால் அது பலகையைப் பார்த்த எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணையில் காலையில் துப்பாக்கியைச் சரிபார்க்கும்போது 100 மீட்டர் இலக்குத் தகட்டைப் பார்த்தோம். சரியாக 100. 200 மீட்டர் தகடும் சரி. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தகடுகள் வெட்டவெளியில் தனியாக நிற்கின்றன, முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. கோளாறு அங்கே வெளிப்பட வழியே இல்லை.

மாலையில் ஒரு சரிவில் பிளெஸ்பொக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. தனியாக ஒதுங்கி நின்ற ஓர் ஆண் மானை மச்சான் தேர்ந்தெடுத்தான். எங்களுக்கும் மானுக்கும் நடுவில், பார்வைக்குச் சற்றுக் கீழே, ஒரு வேலமரத்தின் உச்சிக் கிளைகள். மான் முழுதாகத் தெரிந்தது. அமுக்கினேன், அதே அதிர்வு, 196. 200 மீட்டருக்குச் சரிசெய்த .308 துப்பாக்கி, நேராகத் தோளுக்குக் கீழே வைத்துச் சுட்டான். குண்டு ஏறக்குறைய ஒரு சாண் தாழ்ந்து முன்னங்காலில் பட்டது. மான் மூன்று காலில் ஓடியது.

தடம் பார்க்கும் ஜூலு பெரியவரை நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அவருடைய நாயும் இல்லையென்றால் அந்த உயிர் இரவு முழுதும் முள்காட்டுக்குள் துடித்திருக்கும். புல் நுனியில் கடுகளவு ரத்தத்தைத் தொட்டுத் தொட்டு அவர் நடந்தார். இருட்டும் நேரத்தில் ஓடைக்கரையில் படுத்திருந்ததைக் கண்டோம். மச்சான் முடித்துவைத்தான். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை.

மறுநாள் அதே இடத்தில் நின்று பண்ணைக்காரர் தன் கருவியால் அளந்தார். 281. என்னுடையது அப்போதும் 196. அது அளந்தது வேலமரத்தை.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடையில் ஏமாறாமல் இருக்க இதுதான் உதவும். கருவி ஒரு லேசர் துடிப்பை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் போய்வர ஒளிக்கு 2 மைக்ரோ விநாடி. அந்தக் கதிர் நூல் மாதிரி ஒடுக்கமாகப் போவதில்லை. சாதாரணக் கருவிகளில் 300 மீட்டரில் முக்கால் மீட்டர் அகலத்துக்குக்கூட விரிந்துவிடும். ஆகவே ஒரு பகுதி கிளையில் பட்டுத் திரும்பும், இன்னொரு பகுதி மானில் பட்டுத் திரும்பும். எந்த எதிரொளியை எண்ணாகக் காட்டுவது என்பதை உள்ளே இருக்கும் நிரல் முடிவு செய்கிறது. கோல்ஃபில் குறிவைக்கும் கொடிக்கம்பம் முன்னால், மரங்கள் பின்னால். அதனால் முதலில் வருவதை எடுத்துக்கொண்டு ஓர் அதிர்வும் கொடுக்கும். வேட்டையில் புல்லும் கிளையும் முன்னால், மான் பின்னால். அங்கே கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர் வேலை.

பெரிய நிறுவனங்கள் இதை மறைப்பதில்லை. நிக்கானில் கூல்ஷாட் என்றால் கோல்ஃப். லியூபோல்டில் ஜிஎக்ஸ் வரிசை கோல்ஃபுக்கு, ஆர்எக்ஸ் வரிசை வேட்டைக்கு. புஷ்னெல் வேட்டைக் கருவிகளில் 'பிரஷ்' என்ற முறை புதரைத் தாண்டிப் பார்ப்பதற்கென்றே இருக்கிறது. அப்படிப்பட்ட கருவியிலும் மானுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை அளந்துவிடும் ஆபத்து உண்டு, அதனால் மானையும் அதன் காலடித் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எண்கள் ஒத்துப்போகிறதா என்று உறுதிசெய்த பிறகே சுட வேண்டும்.

இன்னொன்று இதைவிட மோசம். சரிவு கணக்கு. மேட்டை நோக்கிச் சுட்டாலும் பள்ளத்தை நோக்கிச் சுட்டாலும் குண்டின் வீழ்ச்சிக்குக் கணக்கில் வருவது கிடைத்தூரம் (சரிவை விட்டுவிட்டுத் தரைமட்டமாக அளக்கும் தூரம்) மட்டும்தான். 30 பாகை சரிவில் 300 மீட்டர் என்றால் 260 மீட்டருக்கான குறிதான் வைக்க வேண்டும். கோல்ஃப் கருவியோ, பந்தை மேட்டுக்கு அடிக்க அதிக பலம் வேண்டும் என்பதால் மேட்டுக்குத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். டிரேக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் இதை நம்பிச் சுட்டால் குண்டு மானின் முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகெலும்பைச் சிராய்க்கும். நான் வாங்கிய கருவி இதையும் செய்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை நன்றாகப் பார்த்தேன். மான் தலை படம் அச்சடித்தது அல்ல, ஒட்டியது. ஒரு மூலையில் நகத்தை விட்டுக் கிளப்பினால் கீழே பச்சைப் புல்தரையும் கொடியும். கருவிக்குள் திரையின் ஓரத்தில் அரிசி மணியளவில் ஒரு முக்கோணக் கொடிச் சின்னம். கறுப்பு எழுத்துத் திரை, விளக்கு கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் பழுப்பு மானின் மேல் கறுப்பு எண் தெரிய வழியில்லை. வேட்டைக்குச் சிவப்பில் ஒளிரும் எண் வேண்டும்.

கடைக்கு எடுத்துப் போனால், பேச்சு மாறிவிட்டது. "பெட்டி திறந்தாச்சு, அண்ணே. பணம் திரும்பாது." பிறகு சப்ளையருக்கு அனுப்புகிறேன் என்றார். பிறகு 15 சதவீதம் கழித்துக்கொண்டு வேறு பொருள் தருகிறேன் என்றார். கடைசியில், சுட்டவர் கை நடுங்கியிருக்கும் என்றார். மச்சான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

இந்த நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. எந்தத் தேவைக்கு என்று விற்பவரிடம் குறிப்பிட்டுச் சொல்லி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. 56ஆம் பிரிவின்படி, அந்தத் தரத்தில் இல்லாத பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று சொல்லும் உரிமை வாங்கியவருடையது, கடைக்காரருடையது அல்ல. சுவரில் "பணம் திரும்பத் தரப்படாது" என்று எழுதி ஒட்டினால் இந்த உரிமை போய்விடாது. பிராண்ட் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்த பொருள் என்றால், அதைத் தெளிவாகத் தெரியும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று 25ஆம் பிரிவில் இருக்கிறது. இணையத்தில் வாங்கியவர்களுக்குப் பொருள் கையில் கிடைத்து ஏழு நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பும் உரிமை தனிச் சட்டத்தில் உண்டு. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது.

என் வாட்ஸ்அப் செய்தி, பில், ஸ்டிக்கரைக் கிளப்பிய படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் அமைப்பான நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகள் ஓம்புட்ஸ்மனுக்குப் புகார் அனுப்பினேன். கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகுதான் கடைக்காரர் முழுப் பணத்தையும் திருப்பிப் போட்டார். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீல் தேவையில்லை, வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கடையின் பெயரை எழுதாததற்குக் காரணம், இதே பெட்டி பல கைகளில் இருக்கிறது. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் அந்த மறைவில் விற்றுத் தீர்த்துவிடுவார்கள்.

கடைக்குப் போனால் பலகையைக் குறிவைக்காதீர்கள். ஒரு கம்பி வலை வேலிக்கு ஐந்தாறு மீட்டர் பின்னால் நின்று, வேலியின் ஊடாகத் தூரத்துச் சுவரைப் பாருங்கள். வேலியின் தூரத்தைக் காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தி நேரத்தில் போய்ப் பாருங்கள், எண் தெரிகிறதா என்று. பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டப்பாதை இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். 109 காட்டினால் கருவி யார்டில் இருக்கிறது. விற்பவர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கி வைத்திருப்பவர்கள் ஆறு மாதம் முடியும் முன் திருப்பிக் கொடுங்கள். அதுவரை அதை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள்.