ஒருமுறை சுட்ட பித்தளைக் கோதுகள்: பன்னிரண்டு ஆண்டுப் பாவனையில் கண்டவை

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், ஒருக்காச் சுட்ட 9 மில்லிமீற்றர் ரவைக் கோது ஆயிரம் ஒராள் மலிவாத் தாறன் எண்டுறார், கண்ணாடி மாதிரி மினுங்குது, எடுக்கட்டோ?" என்று கேட்டார். "மினுங்குது எண்டால் எடுக்காதையும்" என்றேன். அவர் நான் பகிடி விடுவதாக நினைத்தார்.

2009 முதல் 2021 வரை கனடாவில் ஒரு சுடுகழகத்தில் உறுப்பினராக இருந்து, 9 மில்லிமீற்றர், 45 ஏசிபி ஆகிய இரு கைத்துப்பாக்கி ரவைகளையும் சுட்ட வெற்றுக் கோதுகளில் புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து, என் சொந்தப் பாவனைக்கு நானே மீள்நிரப்பிக்கொண்டேன். (பிரைமர் என்பது கோதின் அடிக்குழியில் இருந்து மருந்துக்குத் தீப்பொறி தரும் சிறு மூடி.) அம்மாவைப் பார்க்கக் கொக்குவிலுக்குத் திரும்பியபோது கருவிகளை எல்லாம் மச்சானிடம் கொடுத்துவிட்டேன். விமானத்தில் ஒரு வெற்றுக் கோதைக்கூடக் கொண்டுவரவில்லை. இந்த மண்ணில் ரவைக் கோது என்ற சொல் எதை நினைவூட்டும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நான் எழுதுவது, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இதைச் செய்யும் நம்மவர்களுக்கு மட்டுமே.

ஒரு ரவையில் கோது, பிரைமர், வெடிமருந்து, குண்டு என நான்கு பாகங்கள் உண்டு. அவற்றுள் சுட்ட பின்னும் மறுபடி பயன்படுவது கோது ஒன்றுதான் என்பதால், அதைத் தேர்வதில் காட்டும் கவனமே இந்த வேலையின் பாதி. தொழிற்சாலையில் நிரப்பி ஒரே ஒரு முறை சுடப்பட்ட கோதைத்தான் 'ஒருமுறை சுட்டது' என்கிறோம். ஆனால் அந்தச் சொல் விற்பவருடைய சொல். கோது சொல்வதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சுட்ட பிரைமர் இன்னும் குழியிலேயே இருக்கும் அழுக்குக் கோதைத்தான் நான் விரும்பி வாங்குவேன். பிரைமரைக் கழற்றி, மினுக்கி, பையில் அடைத்த பின் அது எத்தனை முறை சுடப்பட்டது என்பதைக் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். அழுக்கோடு வருவதில் சாட்சிகள் எல்லாம் அப்படியே இருக்கும். தன்னியக்கக் கைத்துப்பாக்கியில், கோதை இழுத்தெறியும் கொக்கி ஒவ்வொரு முறையும் அடி விளிம்பில் ஒரு கீறலை விடுவதுண்டு. வெவ்வேறு இடங்களில் மூன்று நான்கு கீறல்கள் தெரிந்தால் அந்தக் கோதுக்கு வயது போய்விட்டது என்று அர்த்தம். குளொக் துப்பாக்கி பிரைமரில் நீள்சதுரமான ஒரு தடம் பதிக்கும். பை முழுவதும் அதே தடமும், அடியில் ஒரே நிறுவனத்தின் முத்திரையும் இருந்தால், ஒரே வகைத் துப்பாக்கியில் ஒரே வகை ரவையைச் சுடும் பயிற்சித் தளமொன்றிலிருந்து அவை வந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் படித்தேன். 2013இல், தங்கம்போல மினுங்கிய இரண்டாயிரம் கோதுகளை ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். புதுப் பிரைமரை அழுத்தியபோது, பலவற்றில் கைக்கு எந்த எதிர்ப்பும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மேசையில் தட்டினால் சிலது வெளியே விழுந்தும் விட்டது. குழி அகன்றுபோன கோது, அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்திலோ பலமுறையோ சுடப்பட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. ஏறக்குறைய முந்நூறு கோதுகளைக் குறட்டால் நசுக்கிப் பழைய உலோகத்துக்குப் போட்டேன். நசுக்காமல் போட்டால் யாரோ ஒருவர் மறுபடி மினுக்கி விற்பார்.

கோதில் உள்ள பிளவைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது நல்லது. நல்லூர்த் திருவிழாக் கடைகளில் அம்மா செம்பு வாங்கும்போது விரல் மொழியால் ஒருமுறை தட்டுவார். ணங் என்று நீண்டு ஒலித்தால் விலை பேசுவார், சத்தம் செத்திருந்தால் அடுத்த கடைக்கு நடப்பார். அதே முறைதான். கோதுகளில் பத்தை உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கினால், வாய் பிளந்த ஒன்று இருந்தாலும் அந்தக் கலகலப்பில் ஒரு மழுங்கிய ஓசை கலந்துவரும். நிக்கல் பூசிய கோதுகள் அழகாக இருந்தாலும் வாய்ப்பகுதி விரைவில் பிளப்பதால், அவற்றை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

சுத்தம் செய்வதிலும் நம் வீட்டு அறிவு உதவும். புளி போட்டுப் பித்தளை தேய்ப்பதும், சித்திரிக் அமிலம் கலந்த நீரில் கோது கழுவுவதும் ஒரே இரசாயனம்தான். அளவும் நேரமும் கூடினால் நாகம் (துத்தநாகம்) கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். அமோனியா சேர்ந்த மினுக்கிகளை மட்டும் கிட்டவும் விடக்கூடாது. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த ரவைகளின் கோதுகள் தாமாகவே கீறிப் பிளந்தன. குதிரைச் சிறுநீரின் அமோனியாவும் உலோகத்துள் எஞ்சிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவானது. கோதுப் பித்தளை 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கொண்டது. அன்றைய பலவீனம் இன்றும் அதற்குண்டு. பிரைமர்க் கரியில் ஈயம் இருப்பதால், உலர்ந்த தூளில் உருட்டுவதை விட்டு நீரில் கழுவும் முறைக்கு மாறினேன். அந்த வாளி சமையலறைப் பக்கம் வந்ததே இல்லை.

பிறகு தரம்பிரிப்பு. காந்தத்தில் ஒட்டுவது பித்தளை பூசிய இரும்பு, அதை விட்டுவிடலாம். உள்ளே நடுவில் ஒரு துளை இருந்தால் பொக்சர் வகை. இரு சிறு துளைகள் இருந்தால் பேர்டன் வகை, அதில் பிரைமர் கழற்றும் ஊசி முறியும். (ஆங்கிலேயரான பொக்சரின் முறையை அமெரிக்காவும், அமெரிக்கரான பேர்டனின் முறையை ஐரோப்பாவும் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரு வேடிக்கை.) 45 ஏசிபியில் சிறிய பிரைமர்க் குழி, பெரிய குழி என இரண்டும் கலந்துவரும்; பெரிய பிரைமரைச் சிறிய குழிக்குள் அழுத்தினால் கையிலேயே வெடிக்கக்கூடும், ஆகவே அந்தப் பையை மட்டும் இருமுறை பார்ப்பேன். இராணுவ 9 மில்லிமீற்றரில் பிரைமரைச் சுற்றி நசுக்கிய வளையம் இருக்கும். புதுப் பிரைமர் உள்ளே போக அதைச் சீவ வேண்டும், தாராளமாகக் கிடைக்கும் ஒரு கோதுக்கு அவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. சில 9 மில்லிமீற்றர்க் கோதுகளின் உட்சுவரில் ஒரு படி தெரியும். அந்தப் படியில் கோது இரண்டாகப் பிரிந்து முன்பாதி குழலுக்குள் சிக்கும் அபாயம் உண்டென்பதால் அவற்றைக் கண்ட இடத்திலேயே நசுக்குவேன்.

பாவனைக் காலம் பற்றி ஒன்று. 45 ஏசிபியின் அழுத்தம் குறைவு. என் கோதுகள் பிளந்து செத்ததைவிடப் புல்லுக்குள் விழுந்து தொலைந்ததே அதிகம். 9 மில்லிமீற்றர் அப்படியல்ல. பத்து முறைக்குப் பின் அந்தப் பையை ஓய்வுக்கு அனுப்புவது என் வழக்கம். வேறு சிலர் பிளக்கும்வரை விடுவார்கள்.

மச்சான் அந்த மினுங்கும் பையை விட்டுவிட்டு, மினுக்காதது இருக்கிறதா என்று அதே ஆளிடம் கேட்டிருக்கிறார். நேற்று படம் வந்தது: கரிபிடித்த ஐந்து கோதுகள், ஐந்திலும் நீள்சதுரத் தடம், விளிம்பில் ஒவ்வொரு கீறல். "இதை எடும், காந்தத்தையும் கொண்டுபோம்" என்று பதில் போட்டேன்.