உலராத மசகு: ஈயக் குண்டு வார்ப்பவரின் புலம்பல்

சொந்தமாக ஈயக் குண்டு வார்த்து ரீலோடிங் (சுட்டுக் காலியான தோட்டா உறையில் மீண்டும் வெடிமருந்துப் பவுடரும் குண்டும் பொருத்துவது) செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், துப்பாக்கிக் குழலில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டுக்குப் பூசும் மசகைப் பற்றி, "திரவ மசகு போதுமா, அல்லது குச்சி மெழுகும் அதைக் குண்டின் பள்ளங்களில் திணிக்கும் இயந்திரமும் வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டையும் பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறேன். ஆனாலும் திரவத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். கோபம் அதன் மேல்தான்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளைப் போட்டு, சில துளிகள் விட்டு, மெதுவாக உருட்டி, மெழுகுத்தாளில் பரப்பினால் வேலை முடிந்தது. இயந்திரமும் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம். மிதமான வேகத்தில் செல்லும் .38 ஸ்பெஷல் கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு இந்த மெல்லிய பழுப்புப் படலம் தாராளம். சுட்டு முடித்துக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் உட்சுவரில் சுழன்றோடும் புரிகளின் ஓரத்தில் ஈயக் கீற்று இருப்பதில்லை.

ஆனால், அது உலர்வதே இல்லை. இரவு முழுவதும் காயவிடச் சொல்கிறார்கள். விட்டுப் பார்த்தாயிற்று. காலையில் குண்டை எடுத்தால் விரலோடு தாளும் வருகிறது. இதன் மூலப்பொருளான அலாக்ஸ், வாகனங்களின் அடிப்பகுதி துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சுகளின் வகையைச் சேர்ந்தது. பற்றிக்கொண்டு விடாமல் இருப்பது அதன் பிறவிக்குணம். மேசையில் கிடக்கும் தூசி, துணி இழை எல்லாவற்றையும் குண்டு வாரி எடுத்துக்கொள்கிறது.

கை பிசுபிசுப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, குண்டை உறையில் பொருத்தும் அச்சான சீட்டிங் டைக்குள் நடப்பது. குண்டை உறைக்குள் அழுத்தும் தண்டின் நுனியில் மசகு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து சேர்ந்து, பழுப்புப் பிசினாக இறுகுகிறது. தண்டு அந்த அளவுக்கு நீண்டுவிட்டதுபோல் ஆகி, அடுத்தடுத்த குண்டுகள் ஆழமாக இறங்குகின்றன. 9 மில்லிமீட்டர் போன்ற சிறிய உறையில் குண்டு ஆழமாக இறங்கினால், பவுடருக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். இது எரிச்சலோடு முடிகிற விஷயம் அல்ல, ஆபத்து. அதனால் வேலையை அடிக்கடி நிறுத்திக் காலிப்பர் என்னும் அளவுகருவியால் தோட்டாவின் முழு நீளத்தை அளக்க வேண்டியிருக்கிறது. டையைக் கழற்றித் துடைக்கவும் வேண்டியிருக்கிறது. இயந்திரத்தில் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் இதில் போய்விடுகிறது.

தீர்வு இல்லாமல் இல்லை. பூச்சைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்; பெரும்பாலோர் தேவைக்கு மேல் ஊற்றுகிறார்கள். 45-45-10 என்று ஒரு கலவையும் உண்டு: அலாக்ஸும் ஜான்சன் பேஸ்ட் மெழுகும் சம பங்கு, மீதி பத்துக்கு மினரல் ஸ்பிரிட் என்னும் கரைப்பான். மெல்லியதாகப் படிந்து நன்றாக உலரும். அருமையான கலவை! ஆனால் அந்த மெழுகின் உற்பத்தியை 2021இல் நிறுத்திவிட்டார்கள். உலர வழி கிடைத்தது, அந்த வழியும் அடைபட்டது.

குச்சி மெழுகு விஷயத்தில் எனக்குக் குறை குறைவு. தேன்மெழுகும் அலாக்ஸும் பாதிக்குப் பாதி கலந்த, அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பெயரால் வழங்கும் பழைய கலவை இன்றும் சளைக்கவில்லை. கைப்பிடியை இழுத்ததும் பள்ளம் நிரம்பி வெளிவரும் குண்டின் அழகே தனி. இயந்திரத்தின் அழுத்தம் அதிகமானால் மெழுகு குண்டின் அடிப்பாகத்துக்குக் கசிந்து பவுடரைக் கெடுக்கும். அதை மட்டும் கவனித்துத் துடைத்துவிட வேண்டும். சுட்டபின் குழல் வாயில் வட்டமாகப் படியும் மெழுகு நட்சத்திரத்தைப் பார்த்தால் மசகு கடைசிவரை நீடித்திருக்கிறது என்று பொருள். எனக்கு அது இன்றும் சலிக்காத காட்சி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழலில் ஈயம் படிந்தால் பலரும் உடனே மசகை மாற்றுகிறார்கள். பல சமயம் குற்றவாளி குண்டின் விட்டம். குண்டு குழலைவிடச் சிறுத்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போய் ஈயத்தை உருக்கி அப்பும். காலித் துப்பாக்கியின் குழலில் மென்மையான ஈயத் துண்டைத் தட்டிச் செலுத்தி, வெளிவந்ததை அளந்து, அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலான விட்டத்துக்குக் குண்டை அச்சில் அழுத்திச் சைஸ் செய்யுங்கள். இதில் தவறினால் எந்த மசகும் காப்பாற்றாது. நான் இத்தனை திட்டிய திரவம்கூட, விட்டம் சரியாக இருந்தால் தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது.

மசகுக்குப் பதிலாக, பெயிண்ட் பொடியைக் குண்டில் பூசி அடுப்பில் சுட்டெடுக்கும் பவுடர் பூச்சு பற்றியும் நண்பர் கேட்பார். கை ஒட்டாது, புகையும் குறைவு. ஆனால் அந்த அடுப்பில் பிறகு ஒருபோதும் சமைக்கக் கூடாது.

ஆக, திரவம் மலிவு, எளிது, குழலைச் சுத்தமாக வைக்கிறது. வாங்க வேண்டாம். நேற்று மாலையும் அந்த டையைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். சோதித்துத்தான் பார்ப்பேன் என்றால் என்னிடம் பாதிப் புட்டி இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும். திருப்பித் தர வேண்டியதில்லை.