லண்டனா, எடின்பரோவா? இரண்டு கால்நடை மருத்துவக் கல்லூரிகள், முதல் பார்வையில்

அண்ணன் மகளுக்குக் கால்நடை மருத்துவம் பிரிட்டனில் படிக்க ஆசை. அவளுடன் ஒரே வாரத்தில் லண்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரியையும் எடின்பரோவின் ராயல் டிக் கல்லூரியையும் பார்த்து வந்தேன். பிளஸ் டூ முடித்துச் செல்பவர்களுக்கு இரண்டிலும் ஐந்தாண்டுப் படிப்பு. மாட்டுப் பண்ணை வைத்த குடும்பம் எங்களுடையது. அதனால் விலங்குகள் மாணவருக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

லண்டன் கல்லூரி 1791-இல் தொடங்கியது. பிரிட்டனின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த எனக்குக் கேம்டன் வளாகம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் பஸ் இரைச்சல், நடுவே கல்லூரி, நாயையும் பூனையையும் சுமந்து வரும் மக்கள். தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் இங்கேதான். பிறகு ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஹாக்ஸ்ஹெட் வளாகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள குயின் மதர் மருத்துவமனைக்குச் சிக்கலான நோயாளிகளைப் பிற மருத்துவர்கள் அனுப்பிவைக்கிறார்கள். நாய், பூனை மருத்துவத்தில் ஆழமாக இறங்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எளிதில் கிடைக்காது. பந்தயத்தில் ஒருமுறைகூடத் தோற்காத எக்லிப்ஸ் என்ற குதிரையின் எலும்புக்கூடும் அங்கேதான் நிற்கிறது. அது 1789-இல் இறந்தபோது அறுத்து ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் செயின்பெல்தான் இக்கல்லூரியின் முதல் தலைவர். அந்த எலும்புகளின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

எடின்பரோவில் மூக்குதான் முதலில் விழித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஈரப்புல், சாணம், குளிர்காற்று. பின்னால் பென்ட்லண்ட் மலைகள். லாடம் அடிப்பவரின் மகனான வில்லியம் டிக் 1823-இல் தொடங்கிய கல்லூரி இது. நகரின் நடுவே இருந்த வகுப்புகள் 2011-இல் ஈஸ்டர் புஷ் வளாகத்துக்கு வந்துவிட்டன. டாலி என்ற நகலாக்கச் செம்மறியை 1996-இல் உலகுக்குத் தந்த ராஸ்லின் ஆய்வு நிறுவனமும் இப்போது இதே வளாகத்தில்தான் இருக்கிறது. வகுப்பு, மருத்துவமனை, ஆய்வகம், லாங்ஹில் பால்பண்ணை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். காலையில் பாடத்தில் கேட்ட மடிநோயை மாலையில் மடியைத் தொட்டே பார்க்கலாம். இந்த அண்மைக்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். மாட்டைக் கண்டு தயங்கும் கை, தினமும் மாட்டருகே நின்றால்தான் பழகும். சினைப் பரிசோதனையைப் பொம்மை மாட்டில் எத்தனை முறை செய்தாலும், உயிருள்ள மாடு அசையும், உதைக்கும். அதன் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

செலவில் லண்டன் வாடகை கூடுதல். குளிரிலும் இருட்டிலும் எடின்பரோ கடினம்; டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். விடுமுறைகளில் பண்ணைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பழகும் கட்டாயம் இரண்டிலும் உண்டு. வசந்தத்தில் ஆடுகள் ஈனும் காலத்தில் அதற்குத் தூக்கத்தைத் துறக்க வேண்டியிருக்கும்.

அவளுக்கு மாடுகள்மேல்தான் விருப்பம் என்பதால் என் வாக்கு எடின்பரோவுக்கு. அறுவை நிபுணராக நினைக்கும் பிள்ளையாக இருந்தால் தயங்காமல் லண்டனைச் சொல்லியிருப்பேன். விண்ணப்பத்தை இரண்டுக்கும் போடலாம்: யூகாஸ் என்ற பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக நான்கு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம், கடைசி நாள் பொதுவாக அக்டோபர் 15.