ரெட்மைன் 6-க்கு மாறி ஓராண்டு தாண்டியாயிற்று: மொரீசியஸிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ரெட்மைனையே கட்டிக்கொண்டு அழுவது?" என்ற பேச்சு எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எழும். ரெட்மைன் என்பது செய்ய வேண்டிய வேலைகளையும் பிழைகளையும் டிக்கெட், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, என்று எழுதிவைத்துப் பின்தொடரும் மென்பொருள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஒருவர்தான் ஆரம்பித்து வைப்பார். முந்தைய வேலையில் பளபளவென்று ஒரு மென்பொருளைப் பார்த்துப் பழகியிருப்பார். இங்கே வந்து நீண்ட பட்டியலும் சின்னச் சின்ன எழுத்துமாக ஒரு பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிடும். கொஞ்ச நாள் போனால் அவரே அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். 6-ஆம் பதிப்புக்கு மாறியபோது இந்தப் பேச்சு கொஞ்சம் பலமாகவே எழுந்தது. மாறிய பிறகு எது தேறியது, எது இன்னும் தலைவலி என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் எங்கள் நிலவரம். மொரீசியஸின் எபேன் சைபர்சிட்டியில் இருக்கும் சின்ன நிறுவனம். விருந்தினர் இல்லங்களுக்கும் சிறு ஹோட்டல்களுக்கும் முன்பதிவு, கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிறார்கள். நிரல் எழுதுபவர்களில் சிலர் கோயம்புத்தூரில். ஆக ஒரே டிக்கெட்டுக்குள் ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல், தமிழ் நான்கும் புழங்கும். சர்வரும் பேக்கப்பும் ரெட்மைனும் என் தலையில்.

ரெட்மைன் 2006-இல் ஷான்-ஃபிலிப் லாங் தொடங்கியது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச்செயலிச் சட்டகத்தில் எழுதப்பட்டது, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம். நம் சர்வரில் நாமே நிறுவி, உலாவியில் திறந்து வேலை பார்க்க வேண்டியதுதான். 2011-இல் மனக்கசப்பில் ஒரு கூட்டம் பிரிந்துபோய் சிலிப்ராஜெக்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஓப்பன்ப்ராஜெக்ட். சிலிப்ராஜெக்ட் நின்றே போய்விட்டது. ரெட்மைன் தன் பாட்டுக்கு, அவசரமே இல்லாமல், பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. 6.0 வெளியானது 2024 நவம்பரில்.

நாங்கள் 2021-இல் வந்த 4.2-இலேயே நின்றிருந்தோம். உள்நுழைவதற்கு இரட்டைச் சரிபார்ப்பு வந்த பதிப்பு அது. போதும் என்று இருந்துவிட்டோம். ஆகவே 5-இல் வந்த வசதிகளும் எங்களுக்கு 6-இல்தான் கிடைத்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே நான் புகழப்போகும் சிலவற்றைச் சிலர் 2022 முதலே அனுபவித்துக்கொண்டிருப்பார்கள்.

ரெட்மைனில் பதிப்பு மாற்றுவது என்றால் அதில் முக்கால்வாசி பிளகின், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல், பாடுதான். தரவுத்தளம் சொன்னபடி கேட்டது. தரவைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் மைக்ரேஷன் கட்டளையைக் கொடுத்துவிட்டு ஒரு காபி குடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் 5.0-இல் ரெட்மைன் தன் நிரல் கோப்புகளை ஏற்றும் முறை மாறியது, 6.0-இல் ரெயில்ஸ் 7.2-க்குத் தாவியது, படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் பரிமாறும் வழி மாறியது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் பழைய பிளகின் மாட்டிக்கொள்ளும். டிக்கெட்டுக்குள் செக்லிஸ்ட் போடும் பிளகினுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது, தப்பித்தோம். அட்டைகளை இழுத்துப்போடும் பலகை பிளகினைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. அதைக் கைகழுவினோம். எங்கள் நிறுவன வண்ணத்தில் நான் செய்துவைத்திருந்த தீம் முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. தீம்கள் இருக்க வேண்டிய கோப்புறையே இடம் மாறிவிட்டது.

மாறப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தரவுத்தளத்தின் நகலை வேறொரு கணினியில் ஏற்றி, பிளகின் எதுவும் இல்லாமல் வெறும் ரெட்மைனை முதலில் ஓட்டுங்கள். அது நின்ற பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, திரையில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்து எது கெடுத்தது என்று தேடுவது வீண் வேலை.

அப்புறம் டெக்ஸ்டைல். பழைய ரெட்மைன்காரர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. குறிகள் போட்டு எழுத்தை வடிவமைக்க டெக்ஸ்டைல் முறையா மார்க்டவுன் முறையா என்பதை முழு ரெட்மைனுக்கும் சேர்த்து ஒரே இடத்தில்தான் தேர்ந்தெடுக்க முடியும். புராஜெக்டுக்கு ஒன்று என்று பிரிக்க வழியில்லை. புதியவர்கள் எல்லோரும் மார்க்டவுன் பழகியவர்கள். மாற்றினால் பழைய டிக்கெட்டுகள் கந்தலாகும்: டெக்ஸ்டைலில் ஒற்றை நட்சத்திரக் குறி தடித்த எழுத்து, மார்க்டவுனில் அதுவே சாய்ந்த எழுத்து. தலைப்புகள் வெறும் குறியீடாகப் பல்லிளிக்கும், ஸ்கிரீன்ஷாட் வர வேண்டிய இடத்தில் இரண்டு ஆச்சரியக்குறிக்கு நடுவே கோப்பின் பெயர் நிற்கும். மாற்றித்தரும் கருவிகள் உண்டு. சோதனை நகலில் ஓட்டிப் பார்த்ததில் சாதாரண எழுத்து ஒழுங்காக மாறியது, அட்டவணைகளில்தான் குழப்பம். ரெட்மைனுக்குள் நாங்கள் எழுதிவைத்திருக்கும் விக்கிப் பக்கங்களில் பாதி அட்டவணைதான். டெக்ஸ்டைலிலேயே இருந்துவிட்டோம். இளையவர்களுக்கு இதில் இன்னும் வருத்தம்.

சரி, நல்லதற்கு வருகிறேன். 6.0-ஐத் திறந்ததும் கண்ணில் படுவது ஐகான்கள். பழைய பிக்சல் படங்களை எடுத்துவிட்டு எஸ்விஜி வகைக் கோட்டுப் படங்களைப் போட்டிருக்கிறார்கள். பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் கூர்மையாக இருக்கிறது. என்னைப் போல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துப் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மற்றபடி பக்கத்தின் அமைப்பு அதேதான். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதால் எனக்கு இது நிறையாகவே தெரிகிறது.

அன்றாடத்தை உண்மையில் மாற்றியவை 5-இல் வந்த இரண்டு வசதிகள். ஒன்று, குறிப்பில் அட் குறி போட்டுப் பெயரைத் தட்டினால் அவருக்கு அறிவிப்பு போகும். இது இல்லாத காலத்தில் கோயம்புத்தூர்த் தம்பிகளிடம், "டிக்கெட்ல எழுதியிருக்கேன், பாத்துட்டியா?" என்று வாட்ஸப்பில் கேட்க வேண்டியிருந்தது. அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். நாம் மதியம் சாப்பிட்டு வந்து கேட்கும்போது அவர்கள் மாலைத் தேநீருக்குக் கிளம்பியிருப்பார்கள். இரண்டாவது, ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய வடிகட்டியை இயல்புநிலையாக வைத்துக்கொள்வது. டிக்கெட் பக்கத்தைத் திறந்தாலே என் பட்டியல் மட்டும் வரும்.

மொழி விஷயத்தில் ரெட்மைன் எப்போதுமே பெருந்தன்மையானது. ரீயூனியனின் சாந்-தெனியில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு முழு இடைமுகமும் பிரெஞ்சில், எனக்கு ஆங்கிலத்தில். ஒரே டிக்கெட்டின் அறிவிப்பு மின்னஞ்சல்கூட அவரவர் மொழியில் போகும். ஆனால் நாமாக வைக்கும் பெயர்கள் மொழிபெயராது. டிராக்கர் (டிக்கெட்டின் வகை), நிலை, கூடுதல் புலங்கள் எல்லாம் தரவாகிவிடுவதால் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். "பரிசோதனைக்குத் தயார்" என்ற நிலையை ஆங்கிலத்தில் வைப்பதா பிரெஞ்சில் வைப்பதா என்று நடந்த கூட்டத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். பிரெஞ்சு ஜெயித்தது.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ரெட்மைனுக்குள் வருவதில்லை, வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார்கள். அந்தப் பதில் டிக்கெட்டில் குறிப்பாக ஏறிவிடும். வேலை அற்புதமாக நடக்கும், ஒன்றைத் தவிர: பதிலோடு பழைய மடல் முழுவதும் வாலாகத் தொங்கும். எந்த வரியிலிருந்து வெட்ட வேண்டும் என்று நிர்வாகப் பக்கத்தில் சொல்லிவைக்கலாம். பிரெஞ்சு மெயிலில் அந்த வரி, இன்ன தேதியில் இன்னார் எழுதியது என்று தேதியோடும் பெயரோடும் வருவதால் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது மாறும் எழுத்துகளுக்கும் பொருந்தும் தேடல் வடிவம், அதற்கான அனுமதியை அங்கேயே டிக் செய்து, பொதுவான வடிவத்தை எழுதிவைத்தால் வால் அறுந்துவிடும். அதே நேரத்தில் இணைப்புகளின் அளவையும் பாருங்கள். இயல்பாக ஐந்து எம்பிதான். வரவேற்பறையில் இருப்பவர் போனில் எடுத்து அனுப்பும் வீடியோ அதில் அடங்காது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திரையில் தமிழ் அழகாக வரும். டிக்கெட்டை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால் எழுத்து உடைகிறது. "கோவில்" என்று எழுதினால் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. 4.2-இலும் இப்படித்தான், 6-இலும் இப்படித்தான். ஏற்றுமதிப் பொத்தானை விட்டுவிட்டு உலாவியின் அச்சிடும் வசதியில் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

இப்போது என் பெரிய மனக்குறை: விடுமுறை. ரெட்மைனில் வேலையில்லா நாள் என்றால் வாரக் கிழமைகளை டிக் செய்வது மட்டும்தான். சனி, ஞாயிறு என்று சொல்லலாம், பொது விடுமுறையைச் சொல்ல இடமில்லை. இந்த ஊரில் அது சரிப்படுமா? 2025-இன் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 29 சீன வசந்த விழா, பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள், பிப்ரவரி 11 தைப்பூசக் காவடி, பிப்ரவரி 26 மகா சிவராத்திரி, மார்ச் 12 தேசிய நாள். ரம்ஜான் பிறை பார்த்துத்தான். இதற்கு நடுவே கோயம்புத்தூரில் பொங்கல் விடுமுறை, அது இங்கே கிடையாது. வேலைகளை நாள்வாரியாகக் கோடுகளாகக் காட்டும் கான்ட் சார்ட் இது எதையும் மதிக்காமல் காவடியன்றும் வேலை நடப்பதாகக் கோடு போட்டுக்கொண்டு போகும். காவடி எடுப்பவர்கள் அதற்கு முன்னால் விரதம் இருக்கும் நாட்களில் மாலையானால் கோவிலுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பது வேறு.

நாங்கள் விடுமுறைக்கென்றே ஒரு டிராக்கர் வைத்து, ஒரு பொது புராஜெக்டில் ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லா நாட்களையும் டிக்கெட்டாகப் போட்டுவிடுகிறோம். நாட்காட்டிப் பக்கத்தில் தெரியும், அவ்வளவுதான். தேதி கணக்கிடும் வேலை இன்னும் மனிதர்கள் தலையில்தான். ஓப்பன்ப்ராஜெக்டில் இதற்கென்று தனி வசதியே இருக்கிறது. விடுமுறை மட்டுமே உங்கள் கவலை என்றால் அந்தப் பக்கம் போங்கள், நான் தடுக்கமாட்டேன்.

விடுமுறையாவது முன்கூட்டித் தெரியும். புயல் அப்படியில்லை. இங்கே மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தால் கடை, அலுவலகம் எல்லாம் மூடி வீட்டில்தான். 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் ரீயூனியனைப் புரட்டிப்போட்டபோது அங்கிருந்த வாடிக்கையாளர்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் இல்லை. மென்பொருளைப் பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று யாரிடம் கேட்பது? எல்லாத் தேதிகளையும் தள்ள வேண்டியதாயிற்று. ரெட்மைனில் பல டிக்கெட்டுகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துத் திருத்தலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதியைத்தான் வைக்க முடியும். "எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளு" என்று சொல்ல முடியாது. கான்ட் சார்ட்டில் கோட்டைப் பிடித்து இழுக்கவும் முடியாது.

எது காப்பாற்றியது என்றால், டிக்கெட்டுகளுக்கு இடையே போட்டிருந்த "இது முடிந்த பிறகு அது" என்ற உறவு. சங்கிலியின் முதல் டிக்கெட்டின் முடிவுத் தேதியை மாற்றினால் பின்னால் இருப்பவை தானாகவே நகரும். ஒரு புராஜெக்டில் ஒழுங்காக உறவு போட்டிருந்தார்கள், அது ஒரே மாற்றத்தில் முடிந்தது. இன்னொன்றில் எல்லா டிக்கெட்டும் தனித்தனித் தீவாக இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இப்போது டிக்கெட் உருவாக்கும்போதே உறவு போடச் சொல்லி நச்சரிக்கிறேன்.

போன் செயலி அதிகாரபூர்வமாகக் கிடையாது. உலாவியிலேயே சின்னத் திரைக்குத் தக்கபடி மடங்கும். மெட்ரோவில் வரும்போது படித்துக் குறிப்பு போட அது போதும், டிக்கெட் உருவாக்க விரல் வலிக்கும். இழுத்துப்போடும் பலகையை இழந்தவர்கள் கொஞ்ச நாள் புலம்பினார்கள். இப்போது சுவரில் ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொள்கிறார்கள்.

2025 செப்டம்பரில் 6.1 வந்தது. 6.0-இலிருந்து போவது பெரிய பாடாக இல்லை, பிளகின்கள் ஏற்கெனவே திருந்தியிருந்தன. அதில் எனக்குப் பிடித்தது ரியாக்ஷன். எங்கள் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் "கொரெக்" (கிரியோலில் "சரி") என்று ஒரு குறிப்பு போடும் பழக்கம். ஒவ்வொரு கொரெக்கும் கவனித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போகும், ரீயூனியன் வாடிக்கையாளர் உட்பட. இப்போது கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். என் இன்பாக்ஸ் பாதியாகிவிட்டது.

இத்தனை குறை சொல்லிவிட்டு ஏன் இதிலேயே இருக்கிறோம் என்றால், கணக்கு வழக்குதான் காரணம். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கும் சேவைகளை முதலாளி விலை கேட்டுப் பார்த்தார். எங்கள் ஆட்களுக்கு மட்டும் என்றால் கட்டுப்படியாகும். ஆனால் நாங்கள் வாடிக்கையாளர் பக்கத்தில் மேலாளர் முதல் இரவுப் பணி வரவேற்பாளர் வரை எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு கொடுத்திருக்கிறோம். அவரவர் பிரச்சினையை அவரவர் பெயரில் எழுதுகிறார்கள், யார் எப்போது சொன்னார் என்பது அப்படியே நிற்கிறது. பழைய டிக்கெட் ஒன்றைத் தேடி எடுத்து, "இதை அப்போதே கேட்டிருந்தீர்கள், இப்படித்தான் முடிவு செய்தோம்" என்று காட்ட முடிகிறது. ரெட்மைனில் இன்னொரு கணக்கு தொடங்க எனக்கு ஆகும் செலவு ஒரு கிளிக். சர்வர் வாடகையும் என் சம்பளமும் உண்டுதான், அது எப்படியும் உண்டு.