கோபன்ஹேகன் கார்டு: திருப்பூர்க்காரர்களுக்குக் கட்டுபடியாகுமா?

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் சுற்றுலா இடங்களுக்கு நுழைவும் பயணமும் சேர்த்துத் தரும் பாஸ்தான் கோபன்ஹேகன் கார்டு. அங்கே நடக்கும் சிஃப் ஃபேஷன் ஃபேருக்கு மட்டும் போய்விட்டு உடனே திரும்புகிறவர்களுக்கு இந்தக் கார்டு வேண்டாங்க. ஃபேர் நடக்கும் பெல்லா சென்டர், ஏர்போர்ட், ஊர் நடுவில் இருக்கும் ஹோட்டல்கள் எல்லாம் 1 முதல் 4 வரையிலான பயண டிக்கெட் மண்டலங்களுக்குள் அடங்கிவிடும். அதற்கு 'சிட்டி பாஸ் ஸ்மால்' என்ற பயணப் பாஸ் போதும், விலையும் மிகக் குறைவு. ஏர்போர்ட்டில் எம்2 மெட்ரோவில் ஏறி, கிறிஸ்டியன்ஸ்ஹவ்னில் இறங்கி, வெஸ்டாமேகர் போகும் எம்1-க்கு மாறுங்கள். பெல்லா சென்டருக்குத் தனி நிலையமே இருக்கிறது. டிரைவர் இல்லாத இந்த மெட்ரோ ராத்திரி முழுக்க ஓடும்.

பையர் மீட்டிங் முடிந்து கையில் இரண்டு நாள் மிச்சம் இருந்தால் கதை வேறு. அப்போது 48 மணி நேர 'டிஸ்கவர்' கார்டு உண்மையிலேயே லாபம். எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு நுழைவு, தலைநகர் வட்டாரம் முழுக்க ரயில், மெட்ரோ, பஸ் எல்லாம் அதில் அடக்கம். 'ஹாப்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் பயணத்துக்குச் சுற்றுலாப் பஸ் மட்டும்தான், மெட்ரோவில் செல்லாது. ஆப்பில் வாங்கும்போது பெயரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு தேதிக் கணக்கில் ஓடாது, மணிக் கணக்கில் ஓடும். புதன் மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் வெள்ளி மதியம் 2 வரை செல்லும், அதாவது மூன்று தேதிகளில் பயன்படுத்தலாம். காலையில் ஹோட்டல் அறையிலேயே அவசரப்பட்டு ஆப்பில் ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய நஷ்டம். ரயில் ஏறும் முன்பு அழுத்தினால் போதும்.

காசு முழுசாகத் திரும்பி வருவது ஊருக்கு வெளியேதான். காலையில் எஸ்-டாக் என்ற புறநகர் ரயிலில் ஹில்லரோடு ஊருக்கு, சுமார் 40 நிமிடம். ஏரிக்குள் நிற்கும் ஃப்ரெடெரிக்ஸ்போர்க் அரண்மனையைத் திறக்கும் நேரத்துக்கே பார்த்துவிடுங்கள். அங்கிருந்து சின்ன லோக்கல் ரயில் அரை மணி நேரத்தில் ஹெல்சிங்கோருக்குக் கொண்டுபோய் விடும். மதியம் அங்கே குரோன்போர்க் கோட்டை, 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திரும்பும் வழியில் ஹும்லெபெக்கில் இறங்கி லூசியானா கலை அருங்காட்சியகம். செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு 10 மணி வரை திறந்திருப்பதால் அதைக் கடைசியில் வைப்பதுதான் சரி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் சாயங்காலம் கோட்டை வாசலில் பூட்டைத்தான் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை லூசியானா விடுமுறை. குளிர்காலத்துத் திங்கட்கிழமைகளில் வேறு பல இடங்களும் மூடியிருக்கும்.

ஊருக்குள் கார்டுக்கு வேலை குறைவு. கடல்கன்னி சிலை, அமாலியன்போர்க் அரண்மனையில் பகல் 12 மணிக்கு நடக்கும் காவல் மாற்றம், 106 மீட்டர் உயர கிறிஸ்டியன்ஸ்போர்க் கோபுரம் மூன்றும் எல்லோருக்கும் இலவசம். 1843-இல் தொடங்கிய திவோலி பூங்காவுக்குக் கார்டு காட்டி உள்ளே போகலாம், ஆனால் ராட்டினங்களுக்குத் தனிக் காசு. அந்தப் பூங்கா வருடம் முழுக்கத் திறந்திருப்பதும் இல்லை, சீசன் தேதிகளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே தடவைதான் நுழைவு. நீஹவ்னில் இருந்து கிளம்பும் ஒரு மணி நேரக் கால்வாய்ப் படகைத் தவறவிட வேண்டாம், ஊரின் அமைப்பு முழுக்க அதில் புரிந்துவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: பெரியவர் ஒருவரின் கார்டில் 12 வயதுக்கு உட்பட்ட இருவர் இலவசம். வாங்கும்போதே அவர்களையும் சேர்த்துவிடுங்கள்.

கார்டு போனில் மட்டும்தான் இருக்கும். சார்ஜ் இறங்கினால் ரயில் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது, அபராதம் கட்ட நேரும். பவர் பேங்க் கட்டாயம். மால்மோவையும் ஒரு எட்டுப் பார்த்து வரலாம் என்று ஏர்போர்ட் தாண்டி ஓரசுண்ட் பாலத்தில் போகும் ரயிலில் உட்கார்ந்துவிடாதீர்கள். கார்டு ஏர்போர்ட் நிலையம் வரைக்கும்தான், அதற்கு மேல் ஸ்வீடன். தனி டிக்கெட்டும் கையில் பாஸ்போர்ட்டும் வேண்டும்.