குளிரில் கிளம்பாத வண்டியும் ஓர் ஓ-ரிங்கும்

என் மச்சானுக்குப் பழைய 100 சிசி பைக் ஒன்று மலிவாக வருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டான். அதே மாடலை நான் 2004-லிருந்து ஓட்டுகிறேன், கிக்கர் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. மைலேஜ், செலவு எல்லாம் ஊருக்கே தெரியும், அதில் ஒரு குறையும் இல்லை. காலை நேரம்தான் பிரச்சினை.

வீடு ஊட்டிக்குப் பக்கம், 2,200 மீட்டர் உயரம். ஜனவரி விடிகாலையில் சீட்டின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும், அதைத் துடைத்துவிட்டு, பெட்ரோலைக் கூடுதலாக்கும் சோக்கை இழுத்து உதைக்க ஆரம்பித்தால் பதினைந்து, இருபது உதை. சூடேறிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஒரே உதையில் கிளம்பும். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட் என்ற சிறு துளையை ஊதினார்கள், வால்வு இடைவெளிக்கான டேப்பட் பார்த்தார்கள். ஒரு மெக்கானிக் எத்தனால்தான் காரணம் என்றார். அதிலும் உண்மை உண்டு, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஆவியாகக் கூடுதல் சூடு வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பழைய வண்டியும் அதே பங்கில்தான் பெட்ரோல் போடுகிறது, மூன்றாவது உதையில் கிளம்புகிறதே! இன்னொருவர், மலையில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று கார்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திருகி, கலவையில் பெட்ரோலைக் குறைத்துவிட்டார். மறுநாள் முப்பது உதை.

விடை பிளக்கிலேயே இருந்தது. இருபது உதைக்குப் பிறகு கழற்றினால் முனை நனைந்திருக்க வேண்டும். என்னுடையது காய்ந்து கிடந்தது, மூக்கருகே வைத்தால்கூட பெட்ரோல் வாடை இல்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க்கைச் சந்தேகப்படலாம், அல்லது சோக்கால் பெட்ரோல் ஓவராகிவிட்டது என்று நினைக்கலாம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. காசு வாங்கிய ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் குன்னூரில் ஒரு வயதான மெக்கானிக் வண்டியை ஐடிலில் விட்டு, கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார். சத்தம் சட்டென்று மாறியது, காற்று உள்ளே போவது அங்கேதான். உள்ளே இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகி, நகத்தை வைத்து அழுத்தினாலும் தடம் பதியாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. சூடேறினால் ரப்பர் கொஞ்சம் விரிந்து அடைத்துக்கொள்ளும், அதனால்தான் பகலில் தெரியவில்லை என்றார். புதிது 20 ரூபாய். ஏர் ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

இப்போது சாவி போடாமல் சோக்கை இழுத்து மெதுவாக இரண்டு உதை, அப்புறம் சாவி போட்டு ஒன்று, கிளம்பிவிடுகிறது. சோக் போட்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது, திறந்தால் பெட்ரோலை உறிஞ்சும் இழுவை குறைந்துவிடும். இது தெரியாமல்தான் பலர் முறுக்கி முறுக்கி உதைக்கிறார்கள்.

இத்தனை வருடத்தில் ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை, அவ்வளவு நல்ல வண்டி. ஆனாலும் மச்சானிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். கோத்தகிரியில் காலை ஐந்தரைக்கு டியூட்டிக்குக் கிளம்புகிறவன், எந்த ரப்பர் எப்போது கெட்டிப்படும் என்று தேடிக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் ஏது? 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வந்த, கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். சரி, அப்படியென்றால் உங்கள் வண்டியையாவது கொடுங்கள் மாமா என்றான். கொடுக்க மனசு வரவில்லை.