பன்னிரண்டு பழைய பிளக், 48 டாலர்

ஆன்லைனில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் போன மாதம் இந்தப் பெட்டியை வாங்கினேன். "1915-க்கு முந்தைய கார்களின் ஸ்பார்க் பிளக், 12 எண்ணம், அசல்" என்று போட்டிருந்தார். 48 டாலர், தபால் செலவு தனி. நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். கரூரில் அப்பாவின் ஸ்கூட்டர் பட்டறையில் பிளக் சுரண்டி வளர்ந்தவன், பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எனக்கு மரை கழன்றுவிட்டது என்கிறாள் மனைவி. பழைய பிளக்கில் மரைதான் பாதி ஜாதகம் என்பது அவளுக்குத் தெரியாது.

பேக்கிங்கில் குறையே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார், ஒரு பிளக்கின் பீங்கான் உறைகூட உடையவில்லை. வம்பெல்லாம் அவர் கட்டியிருந்த சீட்டுகளில்.

முதல் சீட்டு: "1905 சாம்பியன்". பீங்கானைத் துடைத்தால் 'சாம்பியன் எக்ஸ்', அதன் கீழே 'டொலிடோ' என்று ஊர்ப் பெயர். ஆல்பர்ட் சாம்பியன் என்பது ஆள் பெயர். 1899-இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த பிரெஞ்சுக்காரர். 1905-இல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது பாஸ்டனில். 1908-இல் அவர் பிரிந்து ஃபிளின்ட்டுக்குப் போய்விட்டார். அங்கே தொடங்கியதுதான் பிறகு 'ஏசி' என்ற பிளக் கம்பெனி ஆனது. பெயரைக் கையில் வைத்துக்கொண்ட ஸ்ட்ரானஹான் சகோதரர்கள் டொலிடோவுக்குப் போனது 1910-இல். ஆக, டொலிடோ என்று எழுதிய பிளக் 1905-இல் பிறந்திருக்க வழியே இல்லை. எக்ஸ் என்பது ஃபோர்டு மாடல் டி காருக்குப் போன பிளக். நல்ல பிளக்தான், சீட்டுதான் பொய்.

அடுத்து மரை. மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் வெர்னியர் கருவி இல்லாமல் இந்தப் பக்கமே வராதீர்கள். மாடல் டி-க்கு அரை அங்குலக் குழாய் மரை. பெயர்தான் அரை அங்குலம், அளந்தால் 21 மில்லிமீட்டர் சொச்சம் வரும். அக்காலத்து வேறு பல அமெரிக்கக் கார்களுக்கு 7/8 அங்குல மரை, அது 22 மில்லிமீட்டர் சொச்சம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் குழாய் மரை நுனியை நோக்கிச் சிறுக்கும், தானே இறுகிக்கொள்ளும். 7/8-க்கு வாஷர் வேண்டும். நுனியில் ஒரு அளவு, மேலே ஒரு அளவு எடுத்தால் போதும். என் பன்னிரண்டில் ஏழு குழாய் மரை, மூன்று 7/8. மிச்சம் இரண்டும் 14 மில்லிமீட்டர்! அந்த அளவு கார்களில் பரவியதே 1930-களில். சீட்டில் மட்டும் "1910".

பீங்கானில் உள்ள பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. அந்தக் காலத்துப் பிளக்குகள் பல பிரித்து மாட்டக்கூடியவை. பீங்கான் விரிசல் விட்டால் பீங்கானை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அதனால் எக்ஸ் ஒன்றை வைஸில் பிடித்துக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் எண்ணெயில் ஊறிய பிறகுதான் மேல் நட்டு அசைந்தது. உள்ளே பீங்கான் குடமிளகாய்க் காம்பு மாதிரி இடுப்பு பெருத்து உட்கார்ந்திருந்தது. பெருத்த இடத்தில் செம்பு வளையம் பதிந்த தடம். தடமும் வளையமும் பொருந்தின, ஆக இது ஜோடி மாறாதது. (வளையத்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்ட வேண்டாம், நனைத்துத் துடையுங்கள்.) கரியை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் பார்த்துக்கொண்டன. எழுத்தின் மேல் கம்பி பிரஷ் போட்டால் பெயரும் சேர்ந்து போய்விடும்.

காசுக்கு மதிப்பு என்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்றின் பக்கவாட்டில் குட்டிக் கிண்ணமும் திருகும் இருக்கின்றன. குளிர்காலக் காலையில் நாலு சொட்டுப் பெட்ரோல் ஊற்றி எஞ்சினை எழுப்புவதற்கான ஏற்பாடு. மிச்சிகன் ஜனவரியில் காரைக் கிளப்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்னொன்றில் பீங்கானே இல்லை. மைக்கா (காக்காப்பொன்) வில்லைகளை அடுக்கி இறுக்கிக் கடைந்திருக்கிறார்கள். நகத்தால் தடவினால் புத்தக ஓரம் போல இருக்கிறது. அன்று உலகத்துக்கு மைக்கா போனது பெரும்பாலும் நம் கோடர்மா, நெல்லூர் பக்கமிருந்து.

விற்றவருக்கு வெர்னியர் படத்தோடு எழுதினேன். வாதாடவில்லை, 14 மில்லிமீட்டர் இரண்டுக்கும் 8 டாலர் திருப்பி அனுப்பினார். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்: பொருளுக்கும் பேக்கிங்குக்கும். சீட்டுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டேன்.

வீடியோ காலில் அப்பாவிடம் மைக்கா பிளக்கைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "முனைக்கு நடுவுல கேப் ரொம்ப அகலமா இருக்கே, தட்டி விடுடா" என்றார்.